மைதானத்தையும் டவுன் பஸ்ஸையும் இறக்கிவிடாதீர்கள்: பொருளியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பொருளியல் பாடத்திட்டக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

இளங்கலைப் பொருளியல் மூன்றாம் ஆண்டில், ஆறாவது செமஸ்டரில் இருக்கும் கள ஆய்வுத் தாளை வரும் கல்வியாண்டு முதல் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு கோட்பாட்டுத் தாளை வைப்பதென்று தீர்மானித்திருக்கிறீர்கள். மாணவர்கள் ‘புராஜெக்ட்’ என்று சொல்லும் தாள் அது. தீர்மானத்தில் காரணங்கள் மூன்று. புராஜெக்ட்டுகள் கடையில் விலைக்கு வாங்கப்படுகின்றன. கபடி, கிரிக்கெட் போன்ற தலைப்புகள் துறையின் தரத்துக்கு ஏற்றவை அல்ல. அரசுத் திட்டங்களை மாணவர்கள் ஆராய்வது தேவையில்லாத அரசியலுக்கு இடம் கொடுக்கும்.

கல்லூரியின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் அங்கே கௌரவ விரிவுரையாளர். குழுவில் எனக்கு நாற்காலி கிடையாது. ஆனால் அந்தத் தாளை வகுப்பில் நடத்தியவள் நான். என்னையோ மாணவர்களையோ ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த முடிவு என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் காரணத்தில் உண்மை இருக்கிறது. கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங்கோடு ரெடிமேட் புராஜெக்ட் கிடைக்கிறது. பெயரையும் பதிவு எண்ணையும் மட்டும் மாற்றினால் போதும். சேலம் ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு புராஜெக்ட்டில் மூன்றாம் அத்தியாயம் வந்ததும் அவர்கள் எல்லோரும் திடீரென்று திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ஊர்ப் பெயரை மாற்றும்போது அந்த அத்தியாயம் விட்டுப்போயிருக்கிறது. வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வந்த தேர்வாளர் அதைக்கூடக் கவனிக்காமல் மார்க் போட்டுவிட்டுப் போனார். ஆக, கெட்டுப்போனது நாம் திருத்துகிற முறை. நீங்கள் எடுத்ததோ தாளையே. கடையில் கிடைப்பவை எந்தத் தலைப்புகள் என்று பாருங்கள்: ‘நுகர்வோர் மனநிறைவு’, ‘சுய உதவிக் குழுக்களும் மகளிர் மேம்பாடும்’, ஐம்பது பேரிடம் கேட்டதாகச் சொல்லும் வினாத்தாள், வட்ட வரைபடம். போன வாரம் பக்கத்து ஊரில் நடந்த கபடிப் போட்டியில் யார் எந்தப் பக்கம் ரைடு போனார் என்ற கணக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது. நீங்கள் தரக்குறைவு என்று ஒதுக்கிய தலைப்புகள்தான் காசு கொடுத்து வாங்க முடியாத தலைப்புகள்.

அந்தக் கபடிக் கணக்கையே சொல்கிறேன். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வரும் இரண்டு மாணவர்கள் பொங்கலை ஒட்டி நடக்கும் இரவுப் போட்டிகளில் உட்கார்ந்து ரைடு ரைடாக எழுதினார்கள். நீள நோட்டு, ஸ்கேல் வைத்துப் பால்பாயின்ட் பேனாவில் இழுத்த கோடுகள். ரைடர் யார், எந்தப் பக்கம் போனார், எதிரே எத்தனை பேர், பாயின்ட் எடுத்தாரா, பிடிபட்டாரா, சும்மா திரும்பினாரா. முதல் பக்கத்திலேயே இருவருக்கும் சண்டை. ஒருவர் ரைடருக்கு இடப்பக்கத்தை இடது என்று எழுதியிருக்கிறார்; இன்னொருவர் தான் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். பக்கம் முழுக்க அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியதாயிற்று. அளப்பதற்கு முன்னால் எதை அளக்கிறோம் என்று வரையறுக்க வேண்டும் என்பதை நான் ஒவ்வொரு ஆண்டும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். பிள்ளைகளும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். இந்த இருவருக்கு மட்டும் அதை இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர்கள் சோதித்தது ஆட்டக் கோட்பாட்டின், அதாவது எதிராளி என்ன செய்வார் என்று யோசித்து முடிவெடுப்பதை ஆராயும் துறையின், அடிப்படையான ஒரு கூற்றை. ஜான் ஃபான் நாய்மன் 1928இல் நிரூபித்த தேற்றத்திலிருந்து வருவது அது. ஒரு ரைடர் எப்போதும் வலப்பக்கமே போனால் எதிரணி அங்கே வலுவான ஆளை நிறுத்திவிடும். அதனால் அவர் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, யாரும் ஊகிக்க முடியாதபடி போக வேண்டும். வலப்பக்கம் அதிகம் போகலாம், இடப்பக்கம் குறைவாகப் போகலாம். ஆனால் சரியாகக் கலந்து ஆடுகிறவருக்கு, ஒவ்வொரு பக்கமும் போன ரைடுகளில் வென்ற விகிதம் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகக் கிடைக்கிறது என்றால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போயிருப்பாரே! தாங்கள் எழுதியிருக்கும் ரைடுகள் குறைவு, இதை வைத்து உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்று முடிவுரையில் அவர்களே எழுதினார்கள். வைவாவில் அந்த வரியை நீங்கள் படித்திருந்தால் தரத்தைப் பற்றிய பேச்சே வந்திருக்காது. உங்களுக்கு முன்னால் அந்த நோட்டைக் கேட்டு வந்தவர் ஒருவர் உண்டு: எதிரணியின் கோச்.

இதே கேள்வியை இக்னாசியோ பலாசியோஸ்-உவெர்தா என்ற பொருளியலாளர் கால்பந்துப் பெனால்டியை வைத்துக் கேட்டார். 1995 முதல் 2000 வரை ஐரோப்பியப் போட்டிகளில் அடிக்கப்பட்ட 1,417 பெனால்டிகள். அதிகமாக அடித்த 22 வீரர்கள், எதிரே நின்ற 20 கோல்கீப்பர்கள். 2003இல் வெளிவந்த முடிவு: அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இரு பக்கமும் வெற்றி விகிதம் கோட்பாடு சொன்னபடியே சமமாக இருந்தது, அடுத்து எந்தப் பக்கம் என்பதை முந்தைய உதைகளைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு மார்க் வாக்கரும் ஜான் வூடர்ஸும் விம்பிள்டன் போன்ற பெரிய டென்னிஸ் ஆட்டங்களில் சர்வீஸை எண்ணிப் பார்த்தார்கள். வெற்றி விகிதம் அங்கேயும் சமம். ஆனால் வீரர்கள் தேவைக்கு மேல் அடிக்கடி பக்கம் மாற்றினார்கள். கோட்பாட்டில் பாதி தேறியது, பாதி தேறவில்லை. ஒரு கோட்பாடு தோற்கக்கூடிய இடத்துக்கு அதைக் கூட்டிப்போவது என்றால் இதுதான். பாடநூலில் வளைகோடுகள் என்றைக்கும் தோற்பதில்லை.

பொருளியலாளர்கள் ஏன் மைதானத்துக்குப் போகிறார்கள்? ஆட்டம் பார்க்கும் ஆசை மட்டும் காரணமில்லை (அதுவும் கொஞ்சம் இருக்கும்). மைதானத்தில் விதி எழுத்தில் இருக்கிறது, யாருக்கு என்ன லாபம் என்பது வெளிப்படை, முடிவு ஸ்கோர் போர்டில் நிற்கிறது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரியிடம் லாபம் எவ்வளவு என்று கேட்டால் சொல்வாரா? லீ பஜார் மண்டியில் யாராவது கணக்கு நோட்டைத் திறந்து காட்டுவார்களா? வாழப்பாடி மைதானத்தில் டிஎன்பிஎல் ஆட்டம் நடந்தால் டாஸ் யார் ஜெயித்தார், என்ன தேர்ந்தெடுத்தார், ஆட்டத்தை யார் ஜெயித்தார் என்பது ஊருக்கே தெரியும். டாஸ் ஒரு குலுக்கல். மருந்து ஆய்வில் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிப்பதற்குப் பெரும் செலவு ஆகிறது. இங்கே நாணயம் அதை இலவசமாகச் செய்துவிடுகிறது. இரவு ஆட்டத்தில் பனி விழுந்தால் இரண்டாவது பேட்டிங் எடுப்பவருக்கு அனுகூலம் என்று எல்லா கேப்டன்களும் சொல்கிறார்கள். உண்மையா என்று சரிபார்க்க ஒரு மூன்றாம் ஆண்டு மாணவருக்கு ஸ்கோர் கார்டும் பொறுமையும் போதும்.

மைதானத்தில் கற்றது வெளியிலும் உதவும். ஜப்பானின் சுமோ மல்யுத்தத்தில் ஒரு தொடருக்கு 15 ஆட்டம். 8 வென்றால் தரவரிசையில் ஏறலாம், 7 என்றால் இறக்கம். மார்க் டகனும் ஸ்டீவன் லெவிட்டும் 1989 முதல் 2000 வரையிலான சுமார் 32,000 ஆட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். கடைசி நாளில் 7 வெற்றி, 7 தோல்வியோடு நிற்பவர், ஏற்கெனவே 8 வென்று பாதுகாப்பாக இருப்பவரைச் சந்தித்தால், பழைய கணக்குப்படி பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஜெயிக்க வேண்டும். ஜெயித்ததோ ஏறக்குறைய 80 சதவீதம். அதே இருவர் அடுத்த முறை மோதும்போது முதலில் ஜெயித்தவர் வழக்கத்தைவிட அதிகமாகத் தோற்றார்: கடன் திரும்பிவிட்டது! ஆய்வு 2002இல் வந்தது. வீரர்களின் செல்போன்களில் போலீஸ் கண்டெடுத்த, ஆட்டங்களை விற்று வாங்கிய குறுஞ்செய்திகள் 2011இல் வெளியே வந்தன. அந்த மார்ச் மாதத் தொடரே ரத்தானது.

ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் பரிசு, அந்தப் பக்கம் தண்டனை என்றால், கோட்டுக்குச் சற்று மேலே கூட்டம் சேரும். சந்தேகம் இருந்தால் நம் வருகைப் பதிவேட்டைத் திறந்து, 75 சதவீதத்தை ஒட்டி எத்தனை பேர் நிற்கிறார்கள், 74இல் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இந்தத் தலைப்பை எந்த மாணவருக்கும் நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நான்காவதாக ஒரு காரணமும் தீர்மானத்தில் சேர்ந்திருக்கும்.

இனி கூலி என்ற தலைப்புக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

சின்னப்பம்பட்டி நடராஜன் நம் மாவட்டத்துக்காரர். 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் தொடங்கி 3 கோடிக்குப் போனார். 2018இல் 40 லட்சம். இடையில் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகம். 2022 ஏலத்தில் 4 கோடி, 2025 சீசனுக்கான ஏலத்தில் 10.75 கோடி. தொழிலாளியின் கூலி அவருடைய இறுதிநிலை உற்பத்தித் திறனின் (அவர் ஒருவர் சேர்வதால் கூடும் உற்பத்தியின்) மதிப்புக்குச் சமம் என்று இரண்டாம் செமஸ்டரில் படிக்கிறோம். அவருடைய திறனா இப்படி ஏறி இறங்கியது, அல்லது வாங்குபவர்களின் மதிப்பீடா? ஏலத்தில் பொருளை எடுப்பவர் எல்லோரையும்விட அதிகமாக மதிப்பிட்டவர் என்பதால், அவர் மிகையாக மதிப்பிட்டிருக்கவும் வாய்ப்பு அதிகம். அந்த ஆண்டுகளில் அணிகள் செலவழிக்கக்கூடிய தொகையும் கூடியது. அதைக் கழிக்காமல் ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். இவ்வளவையும் வகுப்பில் பிள்ளைகளே பேசினார்கள். இறுதிநிலை என்ற சொல்லைக் கேட்டாலே கொட்டாவி விடுகிற வகுப்பு அது.

ஏலம் போட்டிக்கு ஆள் இருந்தால்தான் ஏறும். அமெரிக்க பேஸ்பாலில் ஒரு காலத்தில் வீரர் தன் அணியைத் தவிர வேறு யாருக்கும் ஆட முடியாது என்ற விதி இருந்தது. ஜெரால்ட் ஸ்கல்லி 1974இல் கணக்குப் போட்டு, அந்த வீரர்கள் அணிக்கு ஈட்டித் தந்த வருமானத்தில் ஒரு சிறு பங்கையே சம்பளமாகப் பெற்றார்கள் என்று காட்டினார். 1975 டிசம்பரில், வீரர்களுக்கும் அணிகளுக்கும் இடையிலான தகராறை விசாரித்த நடுவர் ஒருவரின் தீர்ப்பில் அந்த விதி உடைந்தது. அதே வீரர்கள், அதே மட்டை, அதே பந்து. சில ஆண்டுகளில் சம்பளம் பல மடங்கு ஏறியது. வாங்குபவர் ஒருவரே என்றால் கூலி அமுங்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் தொழிற்சாலையின் கணக்கும் காட்டியதில்லை.

ஏற்காட்டிலிருந்து வரும் ஒரு மாணவி இதைக் கேட்டுவிட்டு வகுப்பு முடிந்ததும் நின்றார். மலைக் கிராமம், வீட்டில் எல்லோரும் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிறவர்கள். “மேடம், காப்பி விலை இவ்வளவு ஏறுச்சுன்னு பேப்பர்ல போடுறான். பறிக்கிற கூலி அதோட சேர்ந்து ஏறணும்தானே? எங்க பக்கத்துல வேலைக்குக் கூப்பிட ஒரே எஸ்டேட்தான் இருக்கு. அதனாலயா?” என்றார். தனியொரு கொள்முதலாளர் பற்றிய அத்தியாயத்தை நான் நடத்தத் தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஒரே எஸ்டேட் உள்ள கிராமங்களையும், இறங்கிப்போய் வேறு வேலை பார்க்க பஸ் வசதி உள்ள கிராமங்களையும் ஒப்பிடலாம், வீட்டு வாரியாகக் கூலிச் சீட்டைப் பார்க்கலாம் என்று பேசி வைத்தோம். வரும் ஆண்டு ஆறாவது செமஸ்டரில் அவர் எடுக்கவிருந்த தலைப்பு அது. உங்கள் தீர்மானம் அமலுக்கு வந்தால் அந்த செமஸ்டரில் அவர் இன்னொரு கைடு வாங்கி மனப்பாடம் செய்வார்.

இனி மூன்றாவது காரணம், அரசியல்.

அந்தக் கூலிக் கேள்வியும் அரசியல்தான். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலை குறையும் என்று நம் பாடநூலும் சொல்கிறது, பல நாட்டு முதலாளிகளும் சொல்கிறார்கள். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் எல்லையின் இரண்டு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளில் உயர்வுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கு அடையாளம் இல்லை. டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் சம்பளப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு அந்த முடிவை எதிர்த்தார்கள். விவாதம் பல ஆண்டு நீண்டது. 2021இல் கார்டுக்கு நோபல் கிடைத்தது. க்ரூகர் அப்போது உயிரோடு இல்லை. அரசியல் என்று பயந்து அவர்களுடைய துறை அந்தத் தலைப்பை மறுத்திருந்தால், இன்று நாம் கேள்வித்தாளில் கேட்கும் ‘வேறுபாடுகளின் வேறுபாடு’ முறைக்கு (ஒரு பக்கம் ஏற்பட்ட மாற்றத்தை மறுபக்கம் ஏற்பட்ட மாற்றத்தோடு ஒப்பிடுவதற்கு) உதாரணம் தேடிக்கொண்டிருப்போம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு வந்தது. இராஜாஜியின் அரசு அதைச் சென்னை மாகாணம் முழுக்க ஒரே நாளில் கொண்டுவரவில்லை. முதலில் சேலம் மாவட்டத்தில் மட்டும் கொண்டுவந்தது. அவர் வக்கீலாக இருந்த ஊர், நகராட்சித் தலைவராக இருந்த ஊர். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்த பெரிய சேலம் அது. இங்கே கள்ளுக்கடைகள் மூடின. எல்லைக்கு அப்பால் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் திறந்தே இருந்தன. நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவும் போல ஓர் அமைப்பு, அரை நூற்றாண்டுக்கு முன்பே, நம் வாசலில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறை, பி. ஜே. தாமஸ் பேராசிரியராக இருந்த காலத்தில், இங்கே வந்து குடும்பங்களின் வரவு செலவைக் கேட்டு ஆய்வறிக்கை வெளியிட்டது. கலால் வருமானம் போன பள்ளத்தை அடைக்க அரசு 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. நாட்டிலேயே முதல் பொது விற்பனை வரி. ஜிஎஸ்டி பில்லில் கையெழுத்துப் போடும் நம் ஊர் வியாபாரிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நம் மாணவர்களுக்குத் தெரியாது. பாடத்திட்டத்தில் இல்லை. மதுவிலக்கு வந்த ஆண்டில் குடும்பச் செலவு மாறியது என்றால் அது கடை மூடியதாலா, மழையாலா, பருத்தி விலையாலா என்று எப்படிப் பிரிப்பது? எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த மாவட்டத்தையும் அதே கேள்விகளோடு பார்த்தால்தான் பிரிக்க முடியும். இந்த ஒரு பாடத்துக்காகவே சேலத்தில் பொருளியல் படிப்பவர்கள் களத்துக்குப் போக வேண்டும் என்பேன். நீங்களோ சேலத்தில் உட்கார்ந்துகொண்டு, அரசுத் திட்டத்தைத் தரவோடு பார்ப்பது அரசியல் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் மறுத்த தலைப்பு மகளிர் இலவசப் பஸ் பயணம். 2021 மே மாதத்தில் தொடங்கிய திட்டம். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்கிறது. என் மாணவி கேட்டது வேறு. நம் ஊரில் அரசு டவுன் பஸ்ஸும் ஓடுகிறது, தனியார் டவுன் பஸ்ஸும் ஓடுகிறது. அரசு பஸ்ஸில் சாதாரணக் கட்டண வண்டிக்கு மட்டும் இலவசம். தனியார் பஸ் வந்து நிற்கும்போது எந்தப் பெண்கள் காசு கொடுத்து ஏறுகிறார்கள், எந்தப் பெண்கள் அதை விட்டுவிட்டு அரசு பஸ்ஸுக்காக நிற்கிறார்கள்? நிற்கிற நேரத்துக்கும் விலை உண்டு என்பதுதான் கேள்வி. காலையில் நிறுத்தத்தில் நின்று எண்ணினார். டிபன் பையோடு, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள் வந்த பஸ்ஸில் ஏறினார்கள். கட்டைப்பையோடு சந்தைக்குப் போகிறவர்கள் நின்றார்கள். சாயங்காலம் திரும்பும்போது டிபன் பைக்காரர்களும் நின்றார்கள். ஒரு கண்டக்டர் இவரைப் பார்த்து, “என்ன பாப்பா, செக்கிங்கா?” என்று கேட்டாராம். வாய்ப்புச் செலவு (ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது விட்டுக்கொடுப்பதன் மதிப்பு) என்ற பாடத்தை இதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை. இதில் ஆளுங்கட்சி எங்கே, எதிர்க்கட்சி எங்கே?

அரசே இதற்குப் பயப்படவில்லை. வறுமை ஆய்வு மையமான ஜே-பாலோடு தமிழ்நாடு அரசு 2014இலேயே ஒப்பந்தம் போட்டது. கொரோனாவுக்குப் பின் தொடங்கிய, தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்கு வீட்டருகே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை வெளி ஆய்வாளர்கள் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்து மதிப்பிட்டார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இத்திட்டத்தால் வந்தது என்று கண்டார்கள். மீதி எதனால் என்பதும் அந்த ஆய்வு எழுப்பும் கேள்விதான். தலைமைச் செயலகம் அனுமதிப்பதை ஒரு கல்லூரிப் பாடத்திட்டக் குழு மறுப்பது எனக்கு விளங்கவில்லை.

ஆகவே கேட்கிறேன். தீர்மானம் கல்விக் குழுவுக்குப் போவதற்கு முன் அதை நிறுத்திவைத்து, கள ஆய்வுத் தாளை அதே கிரெடிட்டோடு ஆறாவது செமஸ்டரில் தொடர வேண்டும். விலைக்கு வாங்குவதைத் தடுக்க, பைண்டிங் செய்த அறிக்கையோடு மாணவர் கையால் எழுதிய களக் குறிப்பு நோட்டையும் கட்டாயமாகக் கேளுங்கள். மொத்த மதிப்பெண்ணில் பாதியை அந்த நோட்டுக்கும் அதை வைத்து நடத்தும் வைவாவுக்கும் ஒதுக்குங்கள். நோட்டு இல்லாதவருக்கு வைவா வேண்டாம்.

விளையாட்டு, பஸ், ரேஷன், கூலி என்று எந்தத் தலைப்பையும் தலைப்பைக் காரணமாகச் சொல்லி மறுக்கக் கூடாது. முறை தவறு, தரவு போதாது, ஒப்பீடு இல்லை என்றால் மறுக்கலாம். அதை எழுத்தில் கொடுங்கள், மாணவர் திருத்திக்கொண்டு வருவார். தகவல் கொடுக்கும் தொழிலாளர்கள், பயணிகளின் பெயர் எந்த அறிக்கையிலும் வரக் கூடாது என்ற விதியை நீங்களே சேர்த்துவிட்டால் அரசியல் அச்சமும் பெரும்பகுதி தீரும். பிற்பகலில் பூட்டிவிடும் கணினி ஆய்வகத்தை ஐந்தாவது செமஸ்டரிலிருந்தே இந்த மாணவர்களுக்கு வாரம் இரண்டு மணி நேரமாவது திறந்துவிடுங்கள். சேலம் மதுவிலக்கையும் 1939 விற்பனை வரியையும் பொதுநிதித் தாளில் ஓர் அலகாகச் சேருங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு இந்தத் தாளை நடத்தும் எங்களில் ஒருவரையும், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரையும் அழையுங்கள். ஓமலூர் மாணவர்களின் கபடி நோட்டும் பஸ் நிறுத்தத்தில் எழுதிய நோட்டும் என்னிடம் இருக்கின்றன, இரண்டையும் கொண்டுவருகிறேன். பதிலை, அது மறுப்பாக இருந்தாலும், கல்விக் குழு கூடுவதற்கு முன் எழுத்தில் தாருங்கள். ஏற்காட்டு மாணவி காப்பி பறிப்பு தொடங்குவதற்குள் தன் கிராமப் பட்டியலை முடிவு செய்தாக வேண்டும்.

இப்படிக்கு,
பொருளியல் துறை கௌரவ விரிவுரையாளர் ஒருவர்,
சேலம்.